முதலில் ஒரு குயினோமி: ஜப்பானிய மண்கலம் சேர்க்கத் தொடங்குவோருக்கு

ஜப்பானிய மண்கலங்கள்மீது ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் சாவானைத்தான் முதலில் தேடுகிறார்கள். மாட்சா தேநீரை மூங்கில் துடைப்பத்தால் நுரைக்கக் கலக்கும் பெரிய கிண்ணம் அது. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பேன். தேநீர்ச் சடங்கில் சாவானுக்கு இருக்கும் நானூறு ஆண்டுப் பெருமை முழுவதும் அதன் விலையில் ஏறி உட்கார்ந்திருக்கும். நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறியும் கண் வருவதற்குமுன் வாங்கினால், அந்தப் பெருமைக்குத்தான் பணம் கொடுத்திருப்போம்.

குயினோமியில் தொடங்குங்கள். சாகே என்னும் அரிசி மதுவை அருந்தும் சிறு கோப்பை அது. வாயகலம் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். சாவான் செய்யும் அதே குயவர், அதே மண்ணில் வனைந்து, அதே சூளையில் அதே நெருப்பில் சுட்டெடுத்ததுதான் இதுவும். விலை மட்டும் பல மடங்கு குறைவு. இருபது கோப்பை சேர்ந்தாலும் ஓர் அலமாரித் தட்டில் அடங்கும். மதுவைத் தொடாதவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. கியொகுரோ போன்ற அடர்த்தியான பச்சைத் தேநீரைச் சிறு மிடறுகளாக அருந்த இந்த அளவு பொருத்தமாகவே இருக்கும்.

எவ்வளவு செலவாகும்? தோராயமாகச் சொன்னால், இளம் குயவர் ஒருவரின் குயினோமி 3,000 முதல் 6,000 யென்னுக்குக் கிடைக்கும். ஓரளவு பெயர் பெற்றவர் என்றால் 10,000 முதல் 30,000 யென். ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அரசு அறிவித்த கலைஞர்களின் கோப்பை லட்சம் யென்னைத் தாண்டும். 1955இல் இந்தச் சிறப்பு முதன்முதலாக வழங்கப்பட்டபோது மாஷிகோ என்னும் சூளை ஊரின் ஹமாதா ஷோஜி, மினோ வட்டாரத்தின் அரகாவா தொயொசோ போன்ற குயவர்கள் அதைப் பெற்றார்கள். மேல்தட்டை இப்போதைக்கு அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும்.

ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் கண் பழகாது. ஒரு சூளை ஊரைத் தேர்ந்தெடுத்து ஓராண்டாவது அதோடு இருங்கள். ஒரே ஊரின் பத்துக் கோப்பைகளைப் பார்த்த பிறகுதான் பதினொன்றாவதில் குயவர் செய்திருப்பது என்ன, நெருப்பு செய்திருப்பது என்ன என்று பிரிக்க வரும்.

எனக்குக் கேட்டால் பிஸென் நல்ல பள்ளிக்கூடம். ஒகயாமா மாவட்டத்தில் இம்பே என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள சூளைகளில் வருவது. சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகுப் பூச்சு கிடையாது, ஓவியம் கிடையாது; மண்ணும் நெருப்பும் மட்டுமே. நெல்வயல்களுக்கு அடியிலிருந்து எடுக்கும் பிசுபிசுப்பான மண், இரும்புச்சத்து மிக்கது. அதைச் செம்பைன் விறகில் பத்து நாள், இரண்டு வாரம் என்று விடாமல் சுடுகிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் சூளை மூட்ட முடியும் என்பவர்கள் பலர். ஒரு வெறும் பழுப்புக் கோப்பைக்கு ஏன் இந்த விலை என்ற கேள்விக்கு விடை அந்த விறகுக் கட்டில் இருக்கிறது.

பூச்சு இல்லாததால் சூளைக்குள் நடந்தது முழுவதும் கலத்தின்மேல் அப்படியே பதிந்திருக்கும். விறகுச் சாம்பல் பறந்து வந்து உருகி எள்ளுத் தூவியதுபோல் படிந்திருந்தால் அது ‘கொமா’. கலங்கள் ஒட்டாமலிருக்க இடையில் வைத்த வைக்கோல் எரிந்து, வெளிர் மண்ணில் செந்நிறக் கோடுகளாக நின்றால் ‘ஹிதசுகி’. மேலே சிறு கலத்தையோ மண் வில்லையையோ வைத்ததால் சாம்பல் படாமல் தப்பிய வட்டம் ‘போத்தமோச்சி’. கலம் தணலில் புதைந்து சாம்பலும் கருநீலமும் கலந்து வந்தால் ‘சங்கிரி’. இந்த நான்கையும் படங்களில் அடையாளம் காணப் பழகுங்கள். கோப்பை சூளையின் எந்த மூலையில், எந்த வாக்கில் இருந்தது என்றே ஊகிக்கத் தொடங்குவீர்கள். அதன் பிறகு இந்தப் பழக்கத்திலிருந்து மீள்வது கடினம் என்று எச்சரித்துவிடுகிறேன்.

பிஸெனுக்கு நேர் எதிர் ஹாகி. யமகுச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1592க்கும் 1598க்கும் இடையே அன்றைய ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியாமீது படையெடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களிடம் தொடங்கிய மரபு. மென்மையாகச் சுட்ட, நீரை உறிஞ்சும் உடல்; அதன்மேல் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த பாலாடை நிற மெருகு; மெருகு முழுவதும் நுண்ணிய வெடிப்பு வலை. தேநீர் அந்த வலை வழியே ஊறி, ஆண்டுக்கணக்கில் கிண்ணத்தின் நிறத்தையே மாற்றும். ஹாகியின் ‘ஏழு மாற்றங்கள்’ என்று இதைக் கொண்டாடுகிறார்கள். புதுக் கிண்ணத்தைக் கடுந்தேநீரில் ஊறவைத்துப் பழையதாக்கிக் காட்டும் குறும்பும் சந்தையில் உண்டு. வெடிப்புகள் எல்லாம் ஒரே அடர்த்தியில், உள்ளும் புறமும் ஒன்றுபோலக் கறுத்திருந்தால் சற்று விலகி நில்லுங்கள்.

சாகே பிரியர்கள் குடுவை என்றால் பிஸென், குயினோமி என்றால் கராட்சு என்பார்கள். கியூஷு தீவின் சாகா மாவட்டத்துக் கராட்சுவும் கொரியக் குயவர்களின் வழியில் வந்ததுதான். இரும்புக் குழம்பில் இரண்டு மூன்று தூரிகை இழுப்பில் நாணலையோ புல்லையோ வரைந்தது ‘எ-கராட்சு’. வைக்கோல் சாம்பல் மெருகில் வெண்மேகம் படர்ந்தது ‘மதரா-கராட்சு’. மினோ வட்டாரம், அதாவது இன்றைய கிஃபு மாவட்டம், வேறு உலகம்: தடித்த வெண்மெருகில் ஊசித்துளைகள் நிறைந்த ஷினோ, செம்புப் பச்சை வழியும் ஓரிபே. மினோவின் ஷினோ பக்கத்துச் சூளை ஊரான செத்தோவில் செய்யப்பட்டது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1930இல் அரகாவா தொயொசோ மினோவின் பழைய சூளை ஒன்றில் ஓடு ஒன்றைக் கண்டெடுத்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறியது. இன்னொரு சூளை ஊரான ஷிகராகியில் சுட்ட மண்ணின் செம்மையும், உள்ளிருந்து வெடித்து நிற்கும் வெண்கற்களும், பச்சைக் கண்ணாடியாக வழியும் சாம்பலும் பிடித்துப்போனவர்கள் வேறெதையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கையில் பணம் குறைவு என்றால் ஒண்டாவைப் பாருங்கள். ஒயித்தா மாவட்டத்து மலைக்கிராமம். ஓடைநீர் நிரம்பிச் சாயும் மர உலக்கைகள் இரவும் பகலும் மண்ணை இடித்துக்கொண்டிருக்கும். சில குடும்பங்கள் மட்டுமே செய்கின்றன. தனிப்பட்ட பெயரைக் கலத்தில் பொறிப்பதில்லை. பெயருக்கு விலை இல்லாததால் கைவேலைக்கு மட்டும் பணம் கொடுக்கிறீர்கள்.

ராகுவைத் தொடக்கத்திலேயே தேட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யுவுக்காக கியோட்டோவின் சோஜிரோ கையால் உருவாக்கிய கறுப்பு, சிவப்புக் கிண்ணங்களின் வழி அது. அந்தக் குடும்பம் இன்று பதினாறாவது தலைமுறையில் இருக்கிறது. அவர்களின் கலங்கள் நம் கைக்கு எட்டாதவை. மேலை நாடுகளில் ‘ராகு’ என்ற பெயரில் உலோகப் பளபளப்போடு விற்கப்படும் புகையூட்டிய கலங்களுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு. அவற்றில் பெரும்பாலானவை எதையும் ஊற்றிக் குடிக்க ஏற்றவையல்ல.

கையில் எடுப்பது எப்படி

கடையிலோ கண்காட்சியிலோ தொடுவதற்குமுன் அனுமதி கேளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையலைக் கழற்றுங்கள். இரு கைகளாலும், மேசைக்கு ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குவது எந்தக் கடைக்காரருக்கும் நெஞ்சடைக்கும் காட்சி.

பிறகு கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கலம் நிற்கும் வளையத்தை ‘கொதாய்’ என்பார்கள். பழகிய சேகரிப்பாளர்கள் முகப்பைவிட அதிக நேரம் இங்கேதான் செலவிடுவார்கள். மெருகு படாத மண் தெரிவது பெரும்பாலும் அங்கு மட்டும்தான்: மண் கரடா, நைசா, எந்த நிறத்தில் சுட்டிருக்கிறது என்பதெல்லாம் விளங்கும். குயவர் வளையத்தைச் செதுக்கிய விதத்தில் கையின் வேகம் தெரியும். ஒரே இழுப்பில், தயக்கமின்றிச் செதுக்கிய அடி ஒரு வகை. அழகாக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தொட்டுச் சோர்ந்துபோன அடி இன்னொரு வகை. அச்சில் வார்த்த ஆலைப் பொருளில் அடிவட்டம் இயந்திரச் சமத்துடன் இருக்கும். சில வேளை அச்சின் இணைப்புக் கோடும் தெரியும்.

எடையையும் கவனியுங்கள். கண் ஊகித்த எடையும் கை உணர்ந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். பார்க்கச் சிறிதாக இருந்து கையில் கல்லாகக் கனத்தால் சுவர் அடியில் தடித்துக் கிடக்கிறது என்று பொருள். உதடு படும் விளிம்பைச் சுண்டுவிரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். தோற்றத்தில் எவ்வளவு முரடான ஷிகராகியாக இருந்தாலும் நல்ல குயவர் உதட்டுக்கு ஓர் இடம் விட்டிருப்பார்.

குறைகளில் இரு வகை உண்டு. சூளையிலேயே வந்த கீறல், கல் வெடிப்பு, கோணல் போன்றவை குறையாகக் கருதப்படுவதில்லை. பல வேளை கலத்தின் அழகே அதில்தான். பிறகு வந்த மயிரிழை விரிசலுக்கு ‘நியூ’ என்றும், விளிம்புச் சில்லுக்கு ‘ஹொட்சு’ என்றும் பெயர். இவை விலையை நன்றாகவே குறைக்கும். மெருகுக்குள் மட்டும் ஓடும் வெடிப்பு வலை வேறு. அதை விரிசல் என்று நினைத்துப் பதற வேண்டாம். ஐயமிருந்தால் உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். உடல்வரை விரிந்த கலம் மங்கலாக ஒலிக்கும். மென்மையாகச் சுட்ட ஹாகியும் ராகுவும் நல்ல நிலையிலேயே மங்கலாகத்தான் ஒலிக்கும் என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குச் செல்லாது.

பெட்டியும் போலியும்

பெயர் பெற்ற குயவரின் கலம் பாவ்லோனியா மரப்பெட்டியில் வரும். மூடியில் கலத்தின் வகையையும் தம் பெயரையும் குயவரே தூரிகையால் எழுதி முத்திரை இட்டிருப்பார். இதற்குத் ‘தொமொபாக்கோ’ என்று பெயர். உள்ளே கலத்தைச் சுற்றிய மஞ்சள் நிறத் துணி நமக்கு அந்நியமல்ல: நம் மஞ்சளால் சாயமிட்ட துணிதான், பூச்சி அண்டாது என்று அங்கும் நம்புகிறார்கள். பழைய தேநீர்க் கலங்களின் பைகளுக்கும் உறைகளுக்கும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய அச்சுத்துணிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படியொரு துணித்துண்டு கலத்தைவிட மதிப்புள்ளதாக இருப்பதும் உண்டு.

பெட்டி இல்லையென்றால் விலை பெரிதும் குறையும். பயன்படுத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு வாய்ப்பு. பெட்டியற்ற நல்ல கோப்பைகள் மலிவாகக் கிடைக்கும். பெயருக்காகப் பணம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் பெட்டியை வலியுறுத்துங்கள். அப்போதும் பெட்டியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அசல் பெட்டிக்குள் வேறு கலத்தை வைத்து விற்பது பழைய தந்திரம். கலத்தின் அடியிலுள்ள முத்திரையும் பெட்டியின் முத்திரையும் ஒரே குயவருடையவையா, பெட்டியில் எழுதிய வகைப்பெயர் உள்ளிருக்கும் கலத்துக்குப் பொருந்துகிறதா, கலம் அந்தப் பெட்டியில் ஆடாமல் அமர்கிறதா என்று பாருங்கள். ஹமாதா ஷோஜி போன்றவர்கள் கலத்தில் கையொப்பமே இடவில்லை. பெட்டியில் மட்டும்தான் எழுதினார்கள். அதனால் அவர் பெயரில் வரும் பெட்டியில்லாக் கலங்களைத் தொடக்கநிலையில் தொடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், பரம்பரைப் பெயர். ஹாகியில் மிவா க்யூசெட்சு என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்கிறார்கள். பத்தாமவரும் பதினொன்றாமவரும் அண்ணன் தம்பி. இருவருமே வாழும் தேசியச் செல்வங்கள். பெயரை மட்டும் பார்த்து எத்தனையாவது தலைமுறை என்று கேட்காமல் வாங்கினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

நிபுணர்களே ஏமாந்த கதையும் உண்டு. 1294ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பொறித்த ஒரு செத்தோ ஜாடியை 1959இல் ஜப்பானிய அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. மறு ஆண்டே, அதைச் செய்தது நான்தான் என்றார் குயவர் கதோ தொகுரோ. 1961இல் அறிவிப்பு ரத்தானது. அதற்குப் பரிந்துரைத்த ஆய்வாளர் கொயாமா ஃபுஜியோ பதவி விலகினார். செத்தோ, தொகொனாமே, ஷிகராகி, தம்பா, பிஸென், எச்சிசென் ஆகியவற்றை ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று வகுத்துத் தந்தவர் இதே கொயாமாதான். அவருக்கே இந்தக் கதி. ஆகவே ‘எடோ காலத்துப் (17–19ஆம் நூற்றாண்டு) பிஸென், அரிய வாய்ப்பு’ என்ற விளம்பரத்தைக் கடந்துபோய்விடுங்கள். இன்று உயிரோடிருக்கும் குயவர்களிடம் வாங்குவதே புதியவருக்குப் பாதுகாப்பு.

எங்கே வாங்குவது

ஜப்பானுக்குப் போக முடிந்தால் சூளை ஊர்த் திருவிழாக்களைக் குறிவையுங்கள். அரிதாவில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பெரிய சந்தை (அங்கே பீங்கான்தான் அதிகம்). மாஷிகோவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், பிஸெனில் அக்டோபரிலும் நடக்கும். குயவரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். விறகுச் சூளையா, எரிவாயுச் சூளையா என்று நேராகக் கேட்கலாம், மறைக்காமல் சொல்வார்கள். கியோட்டோவில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும் 25ஆம் தேதி கிதானோ தென்மாங்கு ஆலயத்திலும் பழம்பொருள் சந்தை கூடும். பெரிய நகரங்களின் பல்பொருள் அங்காடிகளில் கலைக்கென்றே ஒரு தளம் இருக்கும். குயவர்களின் தனிக் கண்காட்சிகள் மாறி மாறி நடக்கும். விலை அங்கே பேரத்துக்குரியதல்ல.

வீட்டிலிருந்தபடி வாங்க வேண்டுமானால் ஜப்பானிய ஏல இணையதளங்கள் உண்டு. வெளிநாட்டவருக்காக வாங்கி அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வாங்க முடியும். ஏல விலையோடு தரகுக் கட்டணம், உள்நாட்டு அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், நம் ஊர்ச் சுங்க வரி எல்லாம் சேரும். 2,000 யென் கோப்பை வீடு வந்து சேரும்போது மும்மடங்காகிவிடுவது இயல்பு. ஆகவே ஒன்றொன்றாக வாங்காமல் நான்கைந்தைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழையுங்கள். அடிவட்டத்தின் படம் இல்லாத பொருளுக்கு ஏலம் கேட்காதீர்கள்.

குடுவையும் கெண்டியும்

கோப்பைகள் சேர்ந்த பிறகு ஊற்றும் கலம் தேடுவீர்கள். தொக்குரி என்னும் சாகே குடுவையின் அளவை ‘கோ’ கணக்கில் சொல்வார்கள். ஒரு கோ 180 மில்லிலிட்டர். சூடான சாகே விருப்பம் என்றால் கழுத்து குறுகிய தொக்குரி. குளிர்ந்தது என்றால் கதகுச்சி என்னும் மூக்குள்ள கிண்ணம் நல்லது, கழுவவும் எளிது. இரண்டிலும் ஒரே சோதனைதான்: ஊற்றி நிறுத்தும்போது கடைசித் துளி மூக்கிலிருந்து வழிந்து அடிக்கு ஓடக் கூடாது.

தேநீருக்கு, பக்கவாட்டில் கைப்பிடி நீண்ட கெண்டியான கியூசு. அய்ச்சி மாவட்டத்துத் தொகொனாமேயின் செம்மண் கெண்டிகள் இதில் பேர்போனவை. மூடியையும் உடலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவதால் இடைவெளி அநேகமாக இருக்காது. நீரூற்றிச் சாய்த்து, மூடியின் காற்றுத் துளையை விரலால் அடைத்துப் பாருங்கள்; ஒழுக்கு நின்றால் பொருத்தம் நன்று. உள்ளே வடிகட்டி மண்ணிலேயே துளையிட்டதா, கம்பி வலையா என்றும் பாருங்கள். நான் மண்ணைத்தான் தேர்வேன். கைப்பிடி வலக்கைக்கு ஏற்பத்தான் வரும். இடக்கைக்காரர்கள் கேட்டால் அதற்கென்று செய்ததும் கிடைக்கும்.

பழக்குதலும் பராமரிப்பும்

புது மண்சட்டியை அடுப்பேற்றும்முன் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவது நம் சமையலறை வழக்கம். நீர் கசியும் ஹாகிக்கும் கராட்சுவுக்கும் அங்கே செய்வதும் அதுதான்: அரிசி களைந்த நீரில் மூழ்கவைத்து, மெல்லிய தீயில் சூடேற்றி, அப்படியே ஆறவிட்டுக் கழுவுகிறார்கள். மாச்சத்து துளைகளை அடைக்கும். முதல் சில வாரங்கள் சற்றுக் கசியலாம். புழங்கப் புழங்க நின்றுவிடும். பிஸெனுக்கு இது தேவையில்லை. அடி முரடாக இருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், மேசை தப்பிக்கும்.

ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும்முன் சில நிமிடம் தண்ணீரில் போட்டெடுங்கள். துளைகளில் முதலில் வெறும் நீர் ஏறிக்கொண்டால் தேநீரின் கறையும் மதுவின் வாடையும் ஆழமாக ஊறுவதில்லை. பிஸென், ஷிகராகியின் உண்மையான நிறம் நனைந்த பிறகுதான் வெளிவரும் என்பது கூடுதல் லாபம். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் வேண்டாம். வாசனைச் சோப்பும் வேண்டாம்; வெந்நீரும் பஞ்சும் போதும்.

கழுவிய அன்றே பெட்டியில் வைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் கேடு. பார்க்க உலர்ந்தாற்போல் இருக்கும். அடிவட்டத்தின் மண்ணுக்குள் ஈரம் நிற்கும். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ நம் காற்றில் அந்த ஈரம் பூஞ்சையாகிவிடும். கவிழ்க்காமல் பக்கவாட்டில் சாய்த்து, காற்றோட்டத்தில் சில நாள் விடுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைக்காமல் திறந்த அலமாரியிலேயே வைத்திருப்பது மேல்.

சில்லு பெயர்ந்தால் தங்கப்பொடி பூசி இணைக்கும் கின்ட்சுகி நினைவுக்கு வரும். இணையத்தில் விற்கும் மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் செயற்கைப் பிசினும் பித்தளைப் பொடியும்தான் இருக்கின்றன. அவற்றால் ஒட்டிய கோப்பையில் குடிக்கக் கூடாது. அசல் முறையில் உருஷி மரப்பால் கொண்டு ஒட்டி, அது இறுகுவதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறுகாத உருஷி தோலில் பட்டால் கடும் அரிப்பு வரும் என்பதால் கையுறை கட்டாயம். 3,000 யென் கோப்பைக்கு இவ்வளவு மெனக்கெடுவதா என்பது உங்கள் விருப்பம்.

கடைசியாக ஒரு வேலை. பெட்டிகள் அடுக்கில் ஏறியதும் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். எழுத்து புரியாத நமக்குச் சொல்லவே வேண்டாம். குயவர் பெயர், ஊர், வாங்கிய இடம், தேதி, விலை ஆகியவற்றைச் சிறு அட்டையில் தமிழில் எழுதிப் பெட்டியின் நாடாவில் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்தின்மேல் எதையும் எழுதவோ ஒட்டவோ வேண்டாம்.